கணக்கில் ஏறிய ஜோடி

கிரிகரி கிராணி ரயிலை விட்டு இறங்கியபோது முதலில் வெளியே வந்தது அவருடைய குடை. அடுத்து, மெழுகு தடவி முறுக்கிய மீசை. கடைசியாகத்தான் ஆள். அதைப் பார்த்து ஸ்டேஷனில் ஒருவர் சிரித்தார். அவர் பெயர் தம்புசாமி, ஊர்த் துப்புரவைக் கவனிக்கும் சானிட்டரி போர்டின் குப்பை வண்டிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் மேலாளான மண்டோர். ஆபீஸில் கணக்கெழுத வந்த புதுக் கிராணியை அழைத்துப்போக வந்தவரே அவர்தான். சிரித்ததைக் கிராணி கவனித்துவிட்டார் என்று தெரிந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஊர் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி இருந்தது. பேரைச் சொன்னால் சண்டைக்கு வர இன்றும் ஆள் உண்டு என்பதால் பேர் வேண்டாம். 1927ஆம் வருஷத்து டிசம்பர். விட்டு விட்டு மழை.

கிரிகரி வந்தது வருஷக் கணக்கை முடிக்க. அவருக்கு முன் இருந்த கிராணி காய்ச்சல் என்று சொல்லி ஊருக்குக் கப்பல் ஏறியவர் திரும்பவில்லை. "காய்ச்சல்" என்ற சொல்லை அந்த ஊரில் எல்லோரும் ஒரு மாதிரியாகத்தான் சொன்னார்கள். கிரிகரிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் காதில் எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது மாமனாரின் குரல் ஒன்றுதான்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மாமனார் வீட்டு முன்னறையில் தட்டி வைத்து மறைத்த இடம்தான் கிரிகரியின் குடித்தனம். மாமனார் ரயில்வேயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டு ஓய்ந்தவர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் போதும், "நம்ம மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டு பங்களா எப்போ குடுக்கப் போவுது?" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். தட்டிக்கு அந்தப் பக்கம் மச்சான்மார்கள் சிரிப்பது தெருவுக்கே கேட்கும். கிரிகரியின் மனைவி உர்சுலா சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். நாலு வயது மகள் பிலோமினாவுக்குச் சோறு ஊட்டியபடி புருஷனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே கிரிகரி இந்த வேலையைக் கேட்டு வாங்கினார். கணக்கு ஒரு கறையில்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் பிரிக்பீல்ட்ஸிலேயே சர்க்கார் வீடு. போர்டின் வெள்ளைக்காரத் துரை வாயால் சொன்ன வாக்கு.

போர்டின் மாட்டுக் கொட்டில் ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பக்கம் வண்டிகள் நிறுத்தும் இடம், மறு பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயம், நடுவில் கிராணியின் ஆபீஸ். சாணி, தவிடு, ஈரப் புல், வேப்பெண்ணெய் எல்லாம் சேர்ந்த வாசனை. அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. வடிந்துபோன வெள்ளம் விட்டுச் சென்ற சேற்றின் வாசனை.

புல் கட்டு இறக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து கிராணியைப் பார்த்தாள். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், முகத்தில் மட்டும் சுமங்கலிக்குரிய எதுவும் இல்லை.

"அது நல்லம்மா. புல்லறுக்குது" என்றார் மண்டோர். "வண்டிக்கார அய்யாவுவோட சம்சாரம்."

"அய்யாவு எந்த வண்டி?"

மண்டோர் குரலைத் தாழ்த்தினார். "போன டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா கிராணி? ஆபீஸ்ல தண்ணி ஏறுச்சு. வருஷக் கணக்கு நனையக்கூடாது, பேப்பரெல்லாம் மேட்டுக்குக் கொண்டு போன்னு சொல்லி அய்யாவுவ வண்டியோட அனுப்பிட்டாங்க. பாலத்து மேல போகும்போது பாத்தோம். அப்புறம் பாலமே இல்ல. ஆள், மாடு, வண்டி, ஒண்ணும் கெடைக்கல."

"பிணம் கிடைக்கலேன்னா அந்தம்மா..."

"பாக்காத சாவுக்கு எப்படி அழுவேன்னு கேக்குது. நாங்களும் விட்டுட்டோம்."

மாடும் வண்டியும் போன வருஷமே கணக்கிலிருந்து முறைப்படி கழிக்கப்பட்டிருந்தன. அய்யாவுவின் பெயர் மேலே குறுக்காக ஒரு கோடு. மனுஷனைக் கழிக்கத் தனிப் படிவம் எதுவும் கிடையாது.

அன்று சாயங்காலமே கிரிகரி இருப்பு எடுக்கக் கிளம்பினார். வருஷ முடிவில் மாடு, வண்டி, நுகத்தடி, துடைப்பம், தார் வாளி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். மாட்டிலிருந்து தொடங்கலாம் என்றார்.

"காலையில எண்ணலாம் கிராணி" என்றார் மண்டோர்.

"காலையில எல்லாம் வேலைக்குப் போயிடுமே."

"ஞாயித்துக்கிழமை எண்ணலாம். பகல்ல. இப்ப வேணாங்க."

கிரிகரியின் மீசை லேசாகத் துடித்தது. சர்க்கார் கொட்டில்களில் நடக்கும் தில்லுமுல்லு அவருக்குத் தெரியாததா? மண்டோர்கள் தங்கள் சொந்த மாடுகளை ராத்திரியில் சர்க்கார் கொட்டிலில் கட்டி, சர்க்கார் தவிட்டைத் தின்ன வைத்து, விடியுமுன் வாடகைக்கு ஓட்டிவிடுவார்கள். கோலாலம்பூரில் அவர் இதுபோல் இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லாத நாளே கிடையாது.

"லாந்தரைக் கொண்டாரும்" என்றார்.

வண்டிக்காரர்கள் மாடுகளைக் கட்டிவிட்டு வழக்கத்தைவிட வேகமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கொட்டிலின் கடைசிப் பக்கம் திரும்பவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிரிகரி லாந்தரைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். இரண்டு பக்கமும் மாடுகள் அசைபோட்டன. ஈரத் தோலிலிருந்து ஆவி எழுந்தது. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு ஜோடிக் கண்ணும் பச்சையாக மின்னி அணைந்தது. கொம்பில் சுட்டிருந்த எண்ணை வாசித்து வாசித்துப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே போனார்.

புத்தகப்படி இருபது மாடு. இருபதாவது மாட்டைக் குறித்து முடித்தபோது அசைபோடும் சத்தம் நின்றிருந்தது.

எல்லா மாடுகளும் நின்றுவிட்டன.

கடைசிக் கட்டுத்தறியில் இன்னும் ஒரு ஜோடி நின்றது.

சுவரைப் பார்த்து நின்ற அந்த மாடுகளின் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை. மற்ற மாடுகளின் முதுகு காய ஆரம்பித்திருந்தது. கிரிகரி லாந்தரை அருகில் கொண்டுபோனார். ஒரு மாடு மெதுவாகத் தலையைத் திருப்பியது. வெளிச்சம் அதன் கண்ணில் பட்டது.

கண் மின்னவில்லை.

கிரிகரி சிரித்தார். நல்ல அகலமான சிரிப்பு. பிடித்துவிட்டார் அல்லவா?

"யாரோட மாடுய்யா இது?"

"எதுங்க?" வாசலிலேயே நின்றிருந்தார் மண்டோர். முகம் வெளியே ஆற்றுப் பக்கம் இருந்தது.

"கடைசியில நிக்குற ஜோடி."

"அங்க ஒண்ணும் இல்லிங்க கிராணி."

"தலையத் திருப்பாமலே எப்படித் தெரியுது உமக்கு?"

மண்டோர் உதட்டை நக்கிக்கொண்டார். ஒரு திருடனின் முகம் எப்படி வெளிறும் என்று கிரிகரிக்குத் தெரியும். அதே வெளுப்புதான் இது என்று முடிவு கட்டிவிட்டார். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே பார்த்ததாகவே தெரியும்.

விஷயத்தைத் துரைக்கு எழுதினார். கேட்பாரில்லாத உபரி மாடு இரண்டு கொட்டிலில் காணப்பட்டதாகவும், உரிமை கோரி யாரும் வராததால் போர்டின் இருப்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் அழகான கையெழுத்தில் விண்ணப்பித்தார். குறைந்தால் கழிக்க வேண்டும், கூடினால் ஏற்ற வேண்டும். சட்டம் அவ்வளவுதான். துரை மகிழ்ந்துபோய்ப் பதில் அனுப்பினார். வருஷ முடிவில் எல்லா ஊரிலும் சாமான் குறைகிறது, உன் ஒருவனிடம்தான் கூடியிருக்கிறது, கெட்டிக்காரன் என்று எழுதியிருந்தார். கிரிகரி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிரிக்பீல்ட்ஸ் போனபோது மாமனாருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார் என்று கேள்வி.

ஏற்றிக்கொண்டால் எண் போட வேண்டும். அடுத்த நாள் சாயங்காலம் சூட்டுக்கோலைக் காய்ச்சினார்கள். வண்டிக்காரர்கள் ஒருவரும் அதைக் கையில் வாங்கவில்லை.

"கிராணி, வேணாங்க" என்றார் மண்டோர். அவர் கை கூப்பியிருந்தது. "அது வரும், போவும். ஒரு வருஷமா அப்பிடித்தான். நாங்க பாக்கறதில்ல, அதுவும் எங்களப் பாக்கறதில்ல. எண்ணு போட்டு உள்ள இழுக்காதீங்க."

"ஒரு வருஷமாவா? அவ்வளவு தவிடும் எவன் அப்பன் வீட்டுது?"

"அது தவிடு தின்னா நான் ஏன் பயப்படப்போறேன்?"

கிரிகரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோலைத் தானே எடுத்தார். பழுக்கக் காய்ந்த இரும்பு. கொம்பில் வைத்தார்.

புகை வரவில்லை.

எரிந்த கொம்பின் நாற்றமும் வரவில்லை. ஈரத்தில் அமிழ்த்தியதுபோல் 'சுர்ர்' என்று ஒரு நீண்ட சத்தம் மட்டும் வந்தது. இரும்பு அவர் கையிலேயே கறுத்துக் குளிர்ந்தது. ஆற்றுச் சேற்றின் வாசனை குப்பென்று எழுந்து கொட்டிலை நிறைத்தது. மாடு துளியும் அசையவில்லை. நுனி விரலால் கிரிகரி கொம்பைத் தடவிப் பார்த்தார். ஊறிப்போன மரம்போல் அது விரலுக்கு அமுங்கியது.

ஆனால் எண் விழுந்திருந்தது. தெளிவாக.

மறுநாள் சாயங்காலம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், வரிசையின் கடைசியில், இன்னொரு வண்டி நின்றது. அச்சு வரைக்கும் சேறு. சக்கரத்து ஆரங்களுக்கு நடுவே ஆற்றுக்கொடி சுற்றியிருந்தது.

கிரிகரி அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். இந்த முறை சிரிப்பு வரவில்லை. மண்டோர் மாட்டை ஒளித்து வைத்தவர், வண்டியையும் ஒளித்து வைத்திருக்கலாம் அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போது உரக்கவே சொன்னாராம். துணைக்கு ஒரு குரல் வேண்டியிருந்ததோ என்னவோ. பிறகு வெள்ளைச் சாயத்தில் தூரிகையைத் தோய்த்து வண்டிப் பலகையில் பதினொன்று என்று எழுதினார். மாடு இருப்பில் ஏறியபின் வண்டியை மட்டும் வெளியே விட முடியுமா? யாராவது கேட்டால் என்ன சொல்வது?

அதற்கு அடுத்த விடியலில் ஆஜர் எடுத்தார். வண்டிக்காரர்கள் தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு தூறலில் வரிசையாக நின்றார்கள். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். கடைசிப் பெயரையும் கூப்பிட்டு முடித்துக் கிரிகரி புத்தகத்தை மூடினார்.

"இருக்கேன்யா."

வரிசைக்கு அப்பால், கொட்டில் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. தொண்டையில் தண்ணீர் நின்றதுபோல் கொழகொழத்த குரல்.

"யார்ராது? விளையாடுறீங்களா?"

ஒருவரும் நிமிரவில்லை. எல்லாக் கண்ணும் அவரவர் கால் கட்டைவிரலில் இருந்தது.

அன்று மண்டோர் ஆபீஸுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "ஒங்க கையால ஏத்துனத ஒங்க கையாலயே அடிச்சிருங்க கிராணி. தப்பா எண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. போதும்."

"துரைக்கு எழுதியாச்சு. துரை பாராட்டியாச்சு. இப்ப மாடு இல்ல, நான் கண்டது கனவுன்னு எழுதினா என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்றார் கிரிகரி. பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. "வீடு? என் வீடு என்ன ஆகும்?"

"இன்னும் வராத வீடு தானுங்களே."

கிரிகரிக்குக் கோபம் வந்தது. மண்டோரை வெளியே போகச் சொன்னார்.

மண்டோர் போனதும் ஜன்னலில் நல்லம்மாள் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை.

"அய்யா, எல்லார் பேரையும் கூப்புடுறீங்க. எங்க வூட்டுக்காரர் பேர மட்டும் கூப்புட மாட்டேங்குறீங்க."

"செத்தவங்க பேரை எப்படிம்மா ஆஜர்ல கூப்பிடறது?"

"செத்தாருன்னு யாரு பாத்தா?" அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மாடு வந்துருச்சு. வண்டி வந்துருச்சு. ரோசக்காரருய்யா அவரு. அழைக்காத வூட்டுக்கு வரமாட்டாரு. பேர் சொல்லிக் கூப்புடுங்க, வந்துருவாரு."

கிரிகரி ஜன்னலைச் சாத்தினார். ஆனால் அவள் சொன்னது உள்ளேயே தங்கிவிட்டது.

வருஷத்தின் கடைசி நாள் துரை வந்தார். மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு தூறியது. ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வண்டியும் மாடு பூட்டி, ஆள் ஏறி, அவர் முன்னால் கடந்து போக வேண்டும். கடந்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அப்படித்தான் இருப்பு ஒப்புக்கொள்ளப்படும். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. சக்கரம் சேற்றில் கிறீச்சிட்டது. கிரிகரி எண்களை வாசித்தார்.

பத்தாவது வண்டியும் போய்விட்டது.

பதினொன்று கொட்டில் முனையில் நின்றது. யார் பூட்டியது என்று தெரியவில்லை, மாடுகள் பூட்டியிருந்தன. ஆசனம் காலியாக இருந்தது.

துரை பென்சிலை உயர்த்தியபடி காத்திருந்தார். "வண்டிக்காரன் எங்கே?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

கிரிகரி மண்டோரைப் பார்த்தார். மண்டோர் தலையை லேசாக, மிக லேசாக, இரண்டு பக்கமும் அசைத்தார். இப்போதுகூட ஒரு வார்த்தை போதும். தப்பு நடந்துவிட்டது துரை என்றால் முடிந்தது. வேலை போகும். மறுபடி தட்டிக்குப் பின்னால் குடித்தனம், மறுபடி மாமனாரின் கேள்வி, உர்சுலாவின் பார்வை. அவ்வளவுதானே போகும்?

"கிரிகரி, ஆள் இல்லாத வண்டியை எப்படிக் கணக்கில் காட்டினாய்?"

புல் கட்டுகளுக்குப் பக்கத்தில் நல்லம்மாள் இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்து நின்றாள்.

கிரிகரி வாயைத் திறந்தார்.

"அய்யாவு!"

மழைச் சத்தம் நின்றதுபோல் இருந்தது.

"இருக்கேன்யா."

வண்டி அசைந்தது. ஆசனத்தில் ஒருவன் இருந்தான். எப்போது ஏறினான் என்று யாரும் பார்க்கவில்லை. கொங்காணி முகத்தை முழுக்க மறைத்திருந்தது. மாடுகள் சேற்றில் நடந்தன, சக்கரம் சுழன்றது, ஆனால் ஒரு கிறீச்சும் எழவில்லை. துரையின் முன்னால் வண்டி கடந்தபோது அவர் மூக்கைச் சுளித்தார். கைக்குட்டையை எடுத்துப் பொத்திக்கொண்டார். பிறகு பென்சிலால் கோடு போட்டார்.

கணக்கு முடிந்தது. ஒரு கறையில்லை. துரை எழுந்து கிரிகரியின் கையைக் குலுக்கினார். அந்தக் கை எவ்வளவு சில்லிட்டிருந்தது என்பதைத் துரை பிறகு கிளப்பில் சொன்னதாகப் பேச்சு.

வண்டிக்குப் பின்னால் நல்லம்மாள் ஓடினாள். லயத்து வளைவில் அது மெதுவாகத் திரும்பியபோது எட்டிப் பிடித்தாள். கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள். வண்டி ஆற்றுப் பக்கம் போய் மறைந்தது.

அவள் திரும்பி நடந்து வந்தபோது குங்குமத்தை அழித்திருந்தாள்.

"என்னம்மா?" என்றார் கிரிகரி.

"அவரு இல்லய்யா அது." அவள் குரலில் அழுகை இல்லை. ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த களைப்புதான் இருந்தது. "எங்க வூட்டுக்காரருக்கு எடது கையில ரெண்டு வெரலு கெடையாது, சக்கரத்துல மாட்டிப் போனது. இதுக்கு எல்லா வெரலும் இருக்கு."

"அப்ப அது யாரு?"

"என்னைக் கேட்டா? நீங்கதான கூப்புட்டீங்க." தாலியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் லயத்துக்குள் போனாள். அன்றிரவு ஒப்பாரிச் சத்தம் கேட்டது. மறுநாள் அண்ணன் வீட்டோடு இருக்கக் கிள்ளானுக்குப் போய்விட்டாள்.

உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம், கோலாலம்பூருக்கு மாற்றல், பிரிக்பீல்ட்ஸில் வீடு. கிரிகரி அந்த ஊரில் ஒரு பொழுதும் தங்க விரும்பவில்லை. பொறுப்பை வாங்கிக்கொள்ள நாகையா என்ற புதுக் கிராணி வந்தார். மெல்லிய ஆள், எதையும் இரண்டு முறை பார்க்கிறவர். அவர் ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் எண்ணினார்.

"புத்தகத்துல இருபத்திரண்டு மாடு இருக்கு. கொட்டில்ல இருபதுதான் நிக்குது. வண்டியும் ஒண்ணு குறையுதே அண்ணே?"

கிரிகரி வாதாடவில்லை. பொறுப்பில் இருந்தவர் காலத்தில் குறைந்தது, பொறுப்பில் இருந்தவர் சம்பளத்தில் பிடிக்கப்படும். பிடித்துக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டார். அந்த விலைக்குத் தொல்லை தீர்ந்தால் லாபம்தான் என்று நினைத்தார். கணக்கில் புலி என்று பேர் வாங்கியவர், வாழ்நாளில் முதல் தடவையாகக் கணக்கைத் தப்பாகப் பார்த்தார்.

விஷயம் தெரிந்ததும் தம்புசாமி மண்டோர் ஓடி வந்தார். "காசு கட்டிட்டீங்களா கிராணி? மாட்டுக்கு, வண்டிக்கு, எல்லாத்துக்குமா?"

"ஆமாம். ஏன்?"

மண்டோரின் தோள்கள் தளர்ந்தன. பரிதாபமும் சந்தோஷமும் சேர்ந்து ஒரு முகத்தில் வருவதை அன்றுதான் கிரிகரி பார்த்தார்.

"அப்ப அது போர்டோடது இல்லிங்களே" என்றார் மண்டோர்.

அன்று சாயங்காலம் கொட்டிலில் வண்டிக்காரர்கள் சத்தம்போட்டுச் சிரித்துப் பேசினார்களாம். கடைசிக் கட்டுத்தறி வரை போய்க் கூட்டிப் பெருக்கினார்களாம். ஒருவன் பாட்டுக்கூடப் பாடினான். கிரிகரி அப்போது ரயிலில் இருந்தார். பாதைக்கு இணையாக ஓடிய செம்மண் சாலையை ஜன்னல் வழியாகப் பார்த்தவர், இரண்டாவது முறை பார்க்கவில்லை. மிச்ச வழி முழுக்க ஜன்னல் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் வீடு சின்னதுதான். இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, அதையொட்டிக் கொல்லை. ஆனால் தட்டி கிடையாது. மாமனார் வந்து பார்த்துவிட்டு, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், "ஆறு பக்கத்துல இருக்கா மாப்பிள? ஒரு மாதிரி சேத்து வாட அடிக்குது" என்றார். ஆறு பக்கத்தில் இல்லை. எதிர்வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். அக்கம்பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். பிறகு கிரிகரியின் மீசைக்குத் திரும்பிவிட்டார்கள்.

உர்சுலா முதல் முறையாக வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள். அதைக் கேட்டபோது கிரிகரிக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் தோன்றியது.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. கிரிகரி முன்னறையில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பிலோமினா அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்து அப்படியே உறங்கிவிட்டிருந்தாள். குழந்தையின் மூச்சு சட்டை வழியாகச் சுட்டது. சமையல்கட்டில் உர்சுலா தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மீன் குழம்பு வாசனை வந்தது.

"பிலோமி!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள் உர்சுலா. "சாப்பிட வாடி, கண்ணு!"

தூங்குகிறாள் என்று சொல்லக் கிரிகரி வாயெடுத்தார்.

அதற்குள் கொல்லைப் பக்கமிருந்து பதில் வந்தது.

"இருக்கேம்மா."

பிலோமினாவின் குரல். அதே மழலை. தொண்டையில் கொஞ்சம் தண்ணீர் நின்றதுபோல்.

கிரிகரி மெல்லக் குனிந்து நெஞ்சின் மேல் கிடந்த முகத்தைப் பார்த்தார். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மூடியிருந்தன. குழந்தை நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

எழ நினைத்தார். குழந்தையைத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூப்பிட நினைத்தார். யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்ற பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டார்.

சமையல்கட்டில் பின்கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஈரக்காற்று வீட்டுக்குள் புகுந்து விளக்கைத் தாழ்த்தியது.

"அடிப்பாவி" என்றாள் உர்சுலா, சிரித்துக்கொண்டே. "எங்கடி போயி இப்படி நனைஞ்சுட்டு வந்து நிக்கிற? வா, உள்ள வா."